மூன்றாம் ஓலைக்கு முன்னால் ஒரு படம்

அந்தோணி மேரி அக்கா கடையில் தீப்பெட்டி வாங்கினால் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் முந்தானையில் முடிந்துகொள்வாள். பஸ்ஸில் கண்டக்டர் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டை, படிக்கத் தெரியாவிட்டாலும், முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பாள். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால் வரிசையில் பின்னால் நிற்பவளுக்குக் கேட்டுவிடும் என்று பாவத்தை உதட்டுக்குள்ளேயே சொல்வாளாம். சாமியார், "கொஞ்சம் சத்தமா சொல்லும்மா" என்றதற்கு, "எதுக்கு சாமி?" என்று திருப்பிக் கேட்டாளாம். இதை என்னிடம் சொன்னது வேறு யாருமில்லை, அவளேதான். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

வில்லியனூருக்கு மேற்கே, ஒரு மாதா கோயிலும் ஒரு பால் சொசைட்டியும் அதற்கு எதிரே ஒரு டீக்கடையும் உள்ள சின்ன ஊர் அவளுடையது. கணவர் அருள்சாமி பாண்டியில் பஞ்சாலைத் தொழிலாளி. ஒரே மகள் இன்பமேரி. வீட்டில் இரண்டு கறவை மாடுகள். விடிந்ததும் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரக் கூந்தலை விரித்துவிட்டு நுனியில் மட்டும் ஒரு முடிச்சுப் போட்டு, பால் தூக்கோடு சொசைட்டி வரிசையில் போய் நிற்பாள். அளப்பவர் கையை அவள் பார்க்கிற பார்வையில் அந்த மனுஷனுக்கு அளவே மறந்துபோகும் என்று ஊரே சிரிக்கும்.

மகள் கல்யாணத்துக்காகச் சேர்த்ததெல்லாம் வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் இருந்தது. அந்தப் பெட்டிச் சாவி அவள் தாலிக் கயிற்றில் தொங்கும். கிறிஸ்தவர்கள் கட்டுகிற, புறா போட்ட தாலி, அதற்குப் பக்கத்தில் இரண்டு ஊக்கு, அதற்கும் பக்கத்தில் சாவி. "இடுப்புல சொருகினா வுழுந்துடும் டீச்சர். எரவானத்துல வச்சா எவன் கண்ணாவது படும். கழுத்துல இருந்தா என் கழுத்த அறுத்தாதான் எடுக்க முடியும்" என்பாள். கட்டின புருஷனுக்குக்கூடப் பெட்டியைத் திறக்க உரிமையில்லை. அருள்சாமி அண்ணன் நல்ல மனிதர், அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. வேறு எதைப் பற்றியும்கூட அவர் அதிகம் கேட்டதில்லை.

டீச்சர் என்று அவள் கூப்பிடுவது என்னைத்தான். விஜயகுமாரி என் பெயர். வில்லியனூர் தேரடிக்குப் பக்கத்தில் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். இன்பமேரி என்னிடம்தான் படித்தாள். மகளைச் சேர்க்க வந்த அன்றைக்கே அக்கா அளவெடுக்கும் மறைப்புத் துணியைத் தூக்கிப் பார்த்தாள், பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

"இன்னாக்கா தேடற?"

"ஒன்னுமில்ல டீச்சர். சும்மா."

அந்தச் சும்மாவுக்கு அவளை அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன். இன்பமேரியின் முகத்தைப் பார்த்துத்தான் விட்டேன். அம்மாவின் முகத்தை அப்படியே அச்செடுத்த பெண், ஆனால் அந்தப் பார்வை மட்டும் இல்லை. எதற்கெடுத்தாலும் சிரிப்பாள், ஊசி குத்தினால்கூடச் சிரிப்பாள்.

எழுபத்தொன்பதாம் வருஷம் தை மாதத்தில் இன்பமேரிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை தாமஸ், பூரணாங்குப்பம். கரண்டு ஆபீசில் வேலை. அப்பா மரியசுந்தரம் நிலபுலன் உள்ளவர், அம்மா அன்னாமேரி. கத்தோலிக்கர்களுக்குள் கல்யாணம் என்றால் கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று பூசையில் சாமியார் படிப்பார். முதல் ஓலை வாசித்தபோது அக்கா பீடத்தைப் பார்க்கவில்லையாம். திரும்பி நின்று ஊர்க்காரர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாளாம், எவன் வாயைத் திறக்கப் போகிறான் என்று.

எவனும் திறக்கவில்லை. இரண்டாவது ஓலையும் நல்லபடியாக முடிந்தது. அதற்கப்புறம் வந்த புதன்கிழமைதான் மரியசுந்தரம் சைக்கிளைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் வந்து, கொடுத்த காப்பியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். அருள்சாமி அண்ணன் வேலைக்குப் போயிருந்தார்.

"சம்மந்தியம்மா, எனக்கு சுத்தி வளைச்சு பேசத் தெரியாது. நேத்து பத்திரிகை அடிக்கக் குடுக்க பாண்டிக்குப் போனேன். கட்டுசோறு சாப்பிட பார்க்குல உக்காந்தேன். அங்க படம் வரையறவங்கல்லாம் கூடி சந்தை மாதிரி போட்டுகினு கீறானுங்க. அதுல உங்க பொண்ணு படம் மாட்டியிருக்குது."

"எங்க பொண்ணா?"

"தலைய விரிச்சுப் போட்டுகினு. கழுத்துல தாலி. அதுவும் நம்ம புறாத் தாலி."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நான் ஒன்னும் முடிவு பண்ணல. ஆனா இதுக்கு முன்னாடி ஏதாவது இருந்திருந்தா இப்பவே சொல்லிடுங்க. கோயில்ல எவனாவது எழுந்து சொன்னா என் புள்ள தலை குனியணும். ஞாயித்துக்கெழமை மூணாவது ஓலை. அதுக்குள்ள எனக்கு நெசம் தெரியணும். இல்லனா நானே சாமியார்கிட்ட போயி நிறுத்திடுவேன்."

அவர் போன பிறகு அக்கா செய்ததை இன்பமேரி பிற்பாடு என்னிடம் அழுதுகொண்டே சொன்னாள். மகளை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து வந்து, பின்னலைத் தூக்கிப் பிடித்து, பிடரியை விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாளாம்.

"இன்னாம்மா பண்ற?"

"கயிறு தடம் கீதான்னு பாக்கறேன்."

சிரித்துக்கொண்டே இருந்த பெண் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அடுத்த நாள் வகுப்புக்கும் வரவில்லை. அவளுக்குப் பதிலாக அவள் அம்மா வந்தாள். மிஷின்களெல்லாம் ஓய்ந்துபோகும்படி வாசலிலிருந்தே சத்தமாகக் கேட்டாள். "உன் கிளாசுக்கு எவன் எவன் வந்து போறான் டீச்சர்? நெசத்த சொல்லு."

விஷயம் தெரிந்ததும் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. என் வகுப்புக்கு நூல் விற்கிறவரைத் தவிர ஆண்வாடையே கிடையாது, அவருக்கும் பேரன் பேத்தி இருக்கிறது. ஆனால் அவள் கேட்டுவிட்ட பிறகு, அங்கிருந்த பெண்கள் என்னைப் பார்த்த பார்வையிலும் ஏதோ ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. சந்தேகம் அப்படித்தான், சொறி மாதிரி, பக்கத்தில் இருப்பவர்களையும் விடாது. "வாக்கா, இப்பவே போலாம். உன் பொண்ணா இருந்தா என் மூஞ்சில காறித் துப்பு" என்று சொல்லிவிட்டு மிஷினை மூடினேன். அடுத்த பஸ்ஸில் ஏறினோம்.

பூங்காவில் மூங்கில் தட்டி கட்டி வரிசை வரிசையாகப் படங்களை மாட்டியிருந்தார்கள். வரைந்தவர்கள் அந்தந்தப் படங்களுக்குக் கீழே ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பாண்டிக்காரர்கள், மெட்ராஸ்காரர்கள், நடுவில் ஒரு வெள்ளைக்காரர்கூட. எனக்கு அப்போது இந்த நவீன ஓவியமெல்லாம் ஒன்றும் புரியாது, இப்போதும் பாதிதான் புரிகிறது. அக்காவுக்குப் புரிய வேண்டிய தேவையே இருக்கவில்லை. எல்லோரும் படத்துக்கு முன்னால் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள். அவள் ஒவ்வொரு படத்தையும் சட்டத்தைப் பிடித்துத் தூக்கி அதன் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

ஆட்டு உடம்பும் மனிதத் தலையுமாக ஒரு படம் இருந்தது. "இது யாரு?" என்று அதட்டினாள்.

கீழே இருந்த தாடிக்காரர் எழுந்து நின்றார். "அது நான்தாம்மா."

அவரையும் ஆட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "எங்க ஊருக்கு எப்பனா வந்துகிறியா?"

"எந்த ஊரும்மா?"

"தெரியாத மாதிரி கேக்காத."

அடுத்த தட்டியில் ஒரு பெண் ஓவியர், மெட்ராசிலிருந்து வந்தவராம். கோணியைக் கிழித்து ஒட்டி அதன்மேல் சிவப்புச் சாயத்தை ஊற்றியிருந்தார். அக்கா அதையும் தூக்கிப் பார்த்தாள். அந்த அம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "வந்ததிலேர்ந்து யாரும் பின்பக்கம் பார்க்கலை. நீங்கதான் பார்த்தீங்க" என்று அவள் கையைப் பிடித்தார். அக்கா கையை வெடுக்கென்று உருவிக்கொண்டு, கொஞ்ச தூரம் போனதும் என்னிடம் கிசுகிசுத்தாள். "அவ ஏன் சிரிக்கிறா? எல்லாம் ஒரே கூட்டு போலகீது."

கடைசித் தட்டியில்தான் அந்தப் படம். இன்பமேரியேதான். செம்மண் நிறத்தில் நாலைந்து கோடுகள், அவ்வளவில் அந்த நெற்றி, அந்த மூக்கு, அந்த மேலுதடு. விரித்த கூந்தல். கழுத்தில் கயிறு, புறாத் தாலி. அதுவரை என் மனதில் இருந்த தைரியமெல்லாம் போய்விட்டது. எனக்குத் தெரியாமல் ஏதோ நடந்திருக்கிறது, அதுவும் என் வகுப்புக்கு வருகிற வழியில், என்று நானே நினைத்தேன். அக்கா அந்தப் படத்துக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். படத்துக்குச் சொந்தக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார்.

அவர் பெயர் குழந்தைவேல். சைன்போர்டு எழுதிப் பிழைக்கிறவர், ஒல்லி, மூக்குக் கண்ணாடி. தூரத்தில் வரும்போதே அக்காவைப் பார்த்துவிட்டுக் கிட்டத்தட்ட ஓடி வந்தார்.

"வாங்கம்மா! நீங்களே வந்துட்டீங்களா! யாரு சொன்னாங்க?"

அக்கா எழுந்தாள். "என் பொண்ண எங்கடா பாத்த?"

"பொண்ணா? எந்தப் பொண்ணு?"

"இவ!"

அவர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இது நீங்கம்மா. உங்க ஊர்ல நாலு மாசம் முன்னாடி ஒரு கடைக்கு போர்டு எழுத வந்தேன். காலைல சொசைட்டிக்கு எதிர டீ குடிச்சுகினு இருப்பேன். நீங்க வரிசைல நின்னுகினு இருந்தீங்க. அங்கயே வரைஞ்சது."

"பொய் சொல்ற. நான் கெழவி. இவளுக்கு இருவது வயசு."

"நான் வயச வரையலம்மா. நான் கோடு கொறச்சலாதான் போடுவேன். உங்க மூஞ்சில இருக்கற கோடுங்களயெல்லாம் விட்டுட்டேன், அவ்ளோதான்."

அவள் நம்பவில்லை. நம்பினால் அவள் அந்தோணி மேரி இல்லையே. ஆனால் நான் அப்போதுதான் அந்தக் கண்ணைப் பார்த்தேன். படத்தில் இருந்தவள் ஓரக்கண்ணால் யாருடைய கையையோ பார்த்துக்கொண்டிருந்தாள், இமை தாழ்த்தாமல், கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல். இன்பமேரிக்கு ஏழு ஜென்மத்துக்கும் அந்தப் பார்வை வராது. நான் கிட்டே போய்க் கழுத்தைப் பார்த்தேன். தாலிக்குப் பக்கத்தில் இரண்டு ஊக்கு. அதற்குப் பக்கத்தில், பொடிசாக, ஆனால் பல்லெல்லாம் தெரிய ஒரு சாவி.

"அக்கா, உன் சாவி" என்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள். கை தானாகப் போய்த் தன் கழுத்துச் சாவியைப் பிடித்துக்கொண்டது. மெதுவாக, "நான் இப்பிடியா கீறேன்?" என்றாள். பிறகு சட்டென்று நினைவு வந்தவளாக, "என்னைக் கேக்காம எப்பிடிடா வரைஞ்ச?" என்று பாய்ந்தாள். அவர் தப்புதான் என்று ஒப்புக்கொண்டு, வேண்டுமானால் இப்போதே கழற்றிவிடுவதாகச் சொன்னார்.

"கழட்டுவியா? கழட்டினா என் பொண்ணு கல்யாணம் போச்சு. சனிக்கெழமை சம்மந்திய இட்டுகினு வரேன், அது வரைக்கும் இது இங்கயே தொங்கணும். நடுவுல சாவிய அழிச்சே, உன்ன சும்மா வுட மாட்டேன்."

அவர் சத்தியம் செய்தார். அதையும் நம்பாமல், முந்தானையிலிருந்து ஒரு நூலை உருவி, சட்டத்துக்குப் பின்னால் ஆணியில் தனக்கு மட்டும் தெரிந்த ஒரு முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்குப் பயம் வந்தது. பெண்ணைக் காப்பாற்ற வேண்டுமென்றால், தலையை விரித்துப் போட்டுக்கொண்டு டவுன் பார்க்கில் தொங்குகிறவள் நான்தான் என்று சம்பந்தி முன்னால், கட்டினவர் முன்னால் அவள் சொல்ல வேண்டும். "அவரு இன்னா நெனைப்பாரு டீச்சர்?" என்று கேட்டாள். அருள்சாமி அண்ணன் சந்தேகப்படுவார் என்று அவள் பயந்தாள். தன்னைப் போலத்தான் எல்லோரும் என்று அவளுக்கு நினைப்பு.

சனிக்கிழமை எல்லோரும் அந்தப் படத்தின் முன்னால் நின்றோம். மரியசுந்தரம், அவர் மனைவி அன்னாமேரி, அருள்சாமி அண்ணன், நான். அக்கா முதலில் பின்னால் கையை விட்டு முடிச்சைத் தடவிப் பார்த்தாள். பிறகு படத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு சொன்னாள், "இது என் பொண்ணு இல்ல. நான்."

மரியசுந்தரம் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "எங்கம்மா, இது சின்னப் பொண்ணால்ல கீது? சம்மந்தி, நீங்க சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாதா?"

அருள்சாமி அண்ணன் பொய் சொல்லத் தெரியாதவர். படத்தைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். அவர் நெற்றியில் வேர்த்தது.

"இவ இல்லீங்க" என்றார். "எங்க இன்பா மாதிரிதான் கீது."

அந்த மனுஷனை அங்கேயே ஓங்கி அறையலாம் போல எனக்கு இருந்தது. கல்யாணம் அவர் வாயாலேயே முறிந்து விழுந்துகொண்டிருந்தது. அக்கா கத்தவில்லை, அழவில்லை. தாலிக் கயிற்றைச் சாவியோடு வெளியே எடுத்து, படத்தில் இருந்த சாவிக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினாள்.

அண்ணன் குனிந்து பார்த்தார். "ஆமா, இது நம்ம பெட்டிச் சாவிதான்" என்றார்.

சாவியைத் தெரிந்தது அவருக்கு. முகத்தைத் தெரியவில்லை. அக்காவின் முகம் அப்போது போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்டவள், கூட வாழ்கிற மனிதர் தன் முகத்தைப் பார்த்திருப்பார் என்பதை மட்டும் சந்தேகப்படாமலே இருந்திருக்கிறாள்.

மரியசுந்தரம் தலையைச் சொறிந்தார். "சாவி எவனா போடுவான்மா. மூஞ்சி?"

அன்னாமேரி முன்னால் வந்தாள். படத்தை மேலும் கீழும் பார்த்தாள், பிறகு வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தாள்.

"இவங்கதாங்க! நாம பொண்ணு பாக்கப் போனோமே, நாம வாங்கினு போன வளையல நான் அந்தப் பொண்ணு கைல போட்டுப் பாத்தேன்ல, அப்ப இவங்க என் கையப் பாத்தாங்க பாருங்க ஒரு பார்வை! அதுவேதான் இது. மறுபடியும் கழட்டிகினு போயிடுவேனோன்னு பாத்தாங்க. எனக்கு அன்னிக்கு நைட்டு சோறு எறங்கல. அந்தப் பொண்ணுக்கு இந்தப் பார்வை வராதுங்க, அது பாவம்."

மரியசுந்தரம் மறுபடியும் பார்த்தார். சரியாக அந்த நேரத்தில் அக்கா, இந்த அம்மாள் தனக்கு ஆதரவாகப் பேசுகிறாளா, இல்லை குத்திக்காட்டுகிறாளா என்று அன்னாமேரியை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவ்வளவுதான். மரியசுந்தரம் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "அப்பிடியேதான் கீது. பத்திரிகை அடிச்சாச்சு சம்மந்தி, வந்து வாங்கிக்குங்க" என்றார்.

மறுநாள் மூன்றாம் ஓலை வாசித்தார்கள். அக்கா அன்றைக்குத் திரும்பிப் பார்க்கவில்லையாம். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பீடத்தையே பார்த்திருந்தாளாம். இன்பமேரி கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. பிடரியில் தேய்த்ததற்கு அம்மா ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை, ஆனால் மறுவீட்டுக்கு வந்தபோது பெட்டிச் சாவியைக் கழற்றி மகளிடமே கொடுத்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னாளாம். எடுத்து முடிக்கிற வரைக்கும் கிட்டேயே நின்றாள் என்பது வேறு விஷயம்.

அருள்சாமி அண்ணனோடு அக்கா கொஞ்ச காலம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் சாப்பிட உட்கார்ந்தால் எதிரே வந்து நிற்பாளாம். "இன்னா தெரியுது?" என்று கேட்பாளாம். அந்த மனுஷன் திருதிருவென்று விழித்து, "கொழம்புல உப்பு கம்மி" என்பாராம்.

அதற்கப்புறம் வருஷா வருஷம் அந்தச் சந்தை போட்டபோதெல்லாம் அக்கா போனாள். என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். எதற்கு என்று கேட்டால், "எவனாவது மறுபடியும் என்னை வரைஞ்சு வச்சிருந்தா? சும்மா வுட முடியுமா?" என்பாள். தாடிக்காரரும் கோணி அம்மாளும் அவளுக்கு நாற்காலி போட்டார்கள். அவள் உட்காராமல் வரிசையாக எல்லாப் படங்களையும் பார்த்துக்கொண்டு போவாள், பின்பக்கத்தையும் சேர்த்து. அடிக்கப் போகிறவள் தேடுகிற தேடலா அது? கடைசித் தட்டி வரைக்கும் போய், "இந்த வருஷம் எவனும் வரையல" என்று சொல்லும்போது அவள் குரலில் ஏமாற்றம் இருக்கும். எனக்கு அது கஷ்டமாக இருக்கும்.

எண்பத்திரண்டில் அருள்சாமி அண்ணனும் கூட வந்தார். லீவு போட்டுவிட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். முதல் தட்டியில் நீல நிறத்தில் ஒரு பெண், கண்ணே இல்லாமல். அவர் போய் நின்று யோசித்து, "இது நீதானே மேரி?" என்றார். இரண்டாவது தட்டியில் குடத்தோடு ஒருத்தி. "இது நீதானே?" மூன்றாவதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தொப்பி போட்டிருந்தாள். அங்கேயும் நின்று, வேர்க்க வேர்க்க, "மேரி, இது..." என்று ஆரம்பித்தார்.

அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கேலி செய்கிறாரா, சமாதானம் பேசுகிறாரா என்று தலையைத் திருப்பாமல் ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தாள். அவர் படத்தை விட்டுவிட்டுப் பெண்டாட்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏ மேரி" என்றார். "இதான். அன்னிக்கு அந்தப் படத்துல இருந்துச்சே, இதேதான். நீயேதான் அது."

"இப்பதான் கண்ணு தெரிஞ்சுதா?" என்று சொல்லிவிட்டு அவள் விறுவிறுவென்று அடுத்த தட்டிக்குப் போனாள். அந்தத் தட்டியில் மட்டும் அவள் எந்தப் படத்துக்கும் பின்னால் பார்க்கவில்லை.